மேல் பெட்டி

எங்கள் ராணுவம் மொத்தமே நாற்பது பேரும் இருபது குண்டுப் பெட்டிகளும்தான். அடுக்கின் மேலே இருக்கும் ஒன்றில் மட்டும் குண்டுகள். மற்ற பத்தொன்பதும் காலி. இது தெரிந்தால் அண்டை நாட்டார் பொழுது சாய்வதற்குள் உள்ளே வந்துவிடுவார்கள். சண்டை வந்தால் ஒருவருக்கொருவர் உதவுவதாக ஒப்பந்தம் இருந்ததால், ஆண்டுக்கு ஒருமுறை அவர்களுடைய தளபதி சரக்கைப் பார்க்க வருவார். கிடங்குப் பொறுப்பாளர் சிகாமணி, ஜவுளிக்கடை வீட்டுப் பிள்ளை, மேல் பெட்டியைத் திறந்து காட்டி அனுப்பிவிடுவார்.

இந்த முறை தளபதி அடிப்பெட்டியைத் தட்டினார். "மேல இருக்கறது எல்லாக் கடையிலயும் நல்லாத்தான்யா இருக்கும். இதப் பிரி."

"காட்டறதுக்குன்னு ஒண்ணுதான் ஐயா பிரிக்கிறது. மத்ததுல ஈரக்காத்து பட்டா மருந்து நமத்துடும்," என்றார் சிகாமணி.

தளபதி சிரித்தார். "பொழைக்கத் தெரிஞ்ச ஆளுய்யா நீ. சரி, நம்பறேன். வடக்க எங்களுக்கு ஒரு சண்டை. ஒப்பந்தப்படி நீங்கதான கை கொடுக்கணும்? வெளிய லாரி நிக்குது, அத்தனையும் ஏத்திடலாம்."

அவருடைய சிப்பாய்கள் இருவர் மேல் பெட்டியை முக்கி முனகித் தூக்கிப்போய் லாரியில் வைத்துவிட்டு வந்தார்கள். "யப்பா, என்ன கனம்!" என்று ஒருவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். பிறகு இருவரும் காலை அகட்டி ஊன்றி, மூச்சை இழுத்துப் பிடித்து, இரண்டாவது பெட்டியில் கை வைத்தார்கள்.