மதில்மேல் ஹெக்டர்

"இன்னும் முடிவு பண்ணலையாம்," என்றாள் இஷ்பெல்.

கணினித் திரையில், தனி நாடு கேட்கும் கட்சியின் டண்டீ நகர வட்டாரத் தலைவர் ருவரியின் முகம் சிவந்துவிட்டது.

"கொரோனா வந்தப்புறம் ஸ்காட்லாந்துல பாதிப் பேருக்கு மேல நம்ம பக்கம் சாஞ்சாச்சு! தனி நாடுன்னாலே எரிஞ்சு விழுந்த என் மாமியாரே, மத்தியானம் நம்ம முதலமைச்சரம்மா டிவியில வந்தா சூப்பை அடுப்புல விட்டுட்டு ஓடியாறாங்க. இந்த ஹெக்டருக்கு மட்டும் என்ன கேடு?"

"போன வாரம், தனி நாடானா எந்த நோட்டு செல்லும்னு கேட்டார். விளக்கினேன். இந்த வாரம், எல்லையில சோதனைச் சாவடி வருமான்னு கேட்டார். அதையும் விளக்கினேன்."

"அப்புறம்?"

"ராணியம்மா கோடைக்கு இங்க வந்து தங்கணும்னா விசா வாங்கணுமான்னு அடுத்த வாரம் கேக்கப் போறாராம்."

திரையில் இருந்த மற்றவர்கள் சிரித்தார்கள். ருவரி சிரிக்கவில்லை.

வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்ட வழியில்லாத ஊரடங்கு. பிரசாரம் முழுக்கத் தொலைபேசியில்தான். 'உங்களுக்குத்தான் ஓட்டு' என்பவருக்கு ஒரு நன்றி, அதோடு சரி. 'உங்களுக்கு இல்லை' என்பவருக்கும் அதே கதிதான். மதில்மேல் பூனைகளுக்கு மட்டும்தான் வாராவாரம் போன்.

ஹெக்டர் மதிலை விட்டு இறங்குவதாக இல்லை. அரசியல் கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும். அப்புறம் பருப்பு சூப்புக்குப் பன்றி எலும்பு எத்தனை நேரம் வேக வேண்டும், எதிர்வீட்டுக்காரன் தலைமுடியைத் தானே வெட்டிக்கொண்டு என்ன கோலத்தில் இருக்கிறான் என்று பேச்சு நீளும். இஷ்பெல்லும் காதில் போனோடு உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருப்பாள்.

"ஊரையே வளைக்கிற நேரத்துல ஒத்த ஆளோட மல்லுக்கட்டறீங்க," என்றான் ருவரி. "விடுங்க. நோட்டீஸ் போட அனுமதி கொடுத்துட்டாங்க. அந்தச் சாக்குல நானே போய் வழிக்குக் கொண்டு வரேன்."

அன்று மாலையே அவனிடமிருந்து போன்.

"நம்மளை நல்லா முட்டாளாக்கிட்டாரு அந்தக் கிழவர்!"

"என்னாச்சு? எதிர்க்கட்சிக்காரரா?"

"அப்படி இருந்தாக்கூடப் பரவாயில்லையே! தோட்டத்துல நம்ம கொடி. ஜன்னல் பூரா நம்ம போஸ்டர். சட்டையில நம்ம பேட்ஜ், அதுவும் என் அப்பா காலத்து பேட்ஜ். நான் பிறக்கறதுக்கு முன்னாடியே அவர் நம்ம உறுப்பினராம்! என்னைப் பார்த்ததும், திருடித் தின்ன பையன் மாதிரி முழிக்கிறாரு."

இஷ்பெல்லுக்குச் சிரிப்பு வந்தது.

"உறுதியான ஓட்டுன்னு எழுதிட்டேன்," என்றான் ருவரி. "இனி அவருக்கு போன் கிடையாது. புரிஞ்சுதா?"

செவ்வாய்க்கிழமை வந்தது. ஹெக்டருக்குப் போன் செய்யும் நாள். இஷ்பெல் டீ போட்டாள். உருளைக்கிழங்கை எடுத்து வைத்துக்கொண்டாள். உரிக்கத்தான் மனம் வரவில்லை. மூன்றாம் மாடியில் அவளும் தனியாள்தான். வேலை பார்த்த நூலகத்தை மூடியதிலிருந்து அவளோடு ஒரு மணி நேரம் பேச ஊரில் வேறு யாரும் இல்லை. போன் செய்யக் காரணம் என்று இருந்ததையும் ருவரி கெடுத்துவிட்டானே என்று எரிச்சலாக வந்தது.

போன் அடித்தது. ஹெக்டர். அவராகக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை.

"அம்மாடி, உங்க தலைவர் சொல்லியிருப்பாரே..."

"சொன்னார்."

"மன்னிச்சுக்கோம்மா. வீட்டுக்காரி போனப்புறம் இந்த வீட்டுல பேச்சுச் சத்தமே இல்லை. முடிவு பண்ணிட்டேன்னு சொன்னா நீ அப்புறம் கூப்பிட மாட்டே. எனக்கு கட்சி வழக்கம் தெரியுமே, அந்தக் காலத்துல நானே போன் பண்ணினவன்தான். உன் நேரத்தைத் திருடிட்டேன். இனிமே தொந்தரவு பண்ண மாட்டேன். வெச்சுடறேன்."

"ஐயா, இருங்க இருங்க!"

இஷ்பெல் அவசரமாகக் கத்தியையும் ஒரு உருளைக்கிழங்கையும் எடுத்துக்கொண்டாள்.

"யோசிச்சுப் பார்த்தா, இந்தத் தனி நாடு விஷயத்துல எனக்கே இன்னும் சரியா முடிவு பண்ண முடியலை. வாராவாரம் கூப்பிட்டு நீங்கதான் கொஞ்சம் எடுத்துச் சொல்லணும்."