மூன்றாவது தாண்டல்

"கவீனா, ஒரு விஷயம் சொல்லணும். தீயைத் தாண்டறதுக்கு முன்னாடியே சொல்லியாகணும்."

"தாண்டிட்டுப் பேசிக்கலாம் வா. இந்தா, கைக்குட்டையில உன் முனையைப் பிடி."

பொனாரியாவுக்குக் கால் எழவில்லை. கோயில் திடலில் ரோஸ்மேரிச் சுள்ளிகள் சடசடவென்று எரிந்துகொண்டிருந்தன. வெயில்கூட இன்னும் முழுசாக இறங்கவில்லை, அதற்குள் ஊரே கூடிவிட்டது.

யோவான் திருநாளுக்கு முந்தின அந்தியில், ஒரே கைக்குட்டையின் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு மூன்று தடவை தீயைத் தாண்டிவிட்டால் இரண்டு பெண்களும் 'கொமாரே'. சார்தீனியாவில் கூடப்பிறந்தவர்கள் நிலத்துக்காக மண்டையை உடைத்துக்கொள்வார்கள். புருஷனும் பெண்டாட்டியும் வருஷக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பார்கள். கொமாரேக்கள் மட்டும் சாகிறவரை ஒருத்தியை ஒருத்தி காட்டிக்கொடுக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட உறவுக்குள் இவ்வளவு பெரிய பொய்யை மடியில் கட்டிக்கொண்டு எப்படிப் போவது?

"என்னடி யோசனை? என்னை கொமாரேயா ஏத்துக்கப் பிடிக்கலையா?"

"ஐயோ, எனக்குத்தான் அந்த யோக்கியதை இல்லை."

"பெரிய வார்த்தையெல்லாம் பேசாதே. தாண்டு!"

தாண்டினார்கள். பொனாரியா தொப்பென்று இறங்கியதும் ஒயின் ஊற்றிக்கொண்டிருந்த அந்தியோகோ கத்தினான்: "பார்த்தும்மா, பூமி அதிருது! கோயில் மணி தானா அடிச்சிடப்போகுது!"

எல்லோரும் சிரித்தார்கள். பொனாரியாவும் சிரித்து வைத்தாள். சிரித்தபோதே கோயில் சுவர் ஓரமாக நின்ற பிலுமேனா கண்ணில் பட்டாள். பாக்கிஸின் பெண்டாட்டி. புருஷன் ஜெயிலில் இருக்கிறவளிடம் கைக்குட்டையை நீட்ட ஊரில் யாருக்கும் மனசு வரவில்லை. பொனாரியா அவமானத்தில் தலையைக் குனிந்துகொண்டாள்.

போன ஆகஸ்டில் ரொட்டி சுட்ட அடுப்புச் சாம்பலைத் தன் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டுக் கவீனாவின் தோப்போரமாகக் கொட்டியவள் பொனாரியா. உள்ளே கங்கு கிடந்ததைப் பார்க்கவில்லை. அன்றைக்கென்று பேய்க்காற்று வேறு. தக்கைக்காகப் பட்டை உரிக்க வேண்டிய வருஷத்தில் கவீனாவின் தக்கை மரத் தோப்பு மொத்தமும் எரிந்துபோனது.

போலீஸ் பிடித்ததோ ஆட்டுக்காரன் பாக்கிஸை. அவன் மந்தையைத் தோப்பு வழியாக ஓட்டுவதில் கவீனாவோடு அவனுக்குப் பழைய தகராறு. "கொளுத்திடுவேன்" என்று குடித்துவிட்டு அவன் கத்தியதை ஊரே கேட்டிருக்கிறது. போதாததற்கு, அவன் நெருப்பு வைத்ததைக் கண்ணால் பார்த்ததாக எந்தப் புண்ணியவானோ வாக்குமூலம் கொடுத்துவிட்டான். ஒருவேளை தன் சாம்பல் இல்லையோ, அவன்தானோ என்று பொனாரியா கொஞ்ச நாள் தன்னையே ஏமாற்றிக்கொண்டாள். அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு உடம்பு கூசும்.

எல்லாவற்றையும்விட அவளைக் கொன்றது கவீனாவின் பிரியம்தான். தோப்பைப் பறிகொடுத்தவள், அதை எரித்தவளுக்கே வாராவாரம் ரிக்கோத்தா பாலாடைக்கட்டி கொண்டுவந்து தந்தாள். ஜுரத்தில் படுத்தபோது பக்கத்தில் உட்கார்ந்து சூப் ஊட்டினாள். ஒவ்வொரு வாயும் தொண்டையில் முள்ளாக இறங்கியது.

இரண்டாவது தடவை தாண்டியதும் பொனாரியா கைக்குட்டையை விட்டுவிட்டாள்.

"திங்கட்கிழமை பாக்கிஸுக்கு விசாரணை. அதைப் பத்தித்தான்..."

"நல்ல நாளும் அதுவுமா அவன் பேச்சு எதுக்கு? இன்னும் ஒண்ணுதான் பாக்கி. பிடி."

"முதல்ல நான் சொல்றதைக் கேளு, கவீனா. கேட்டா நீ என்கூடத் தாண்டவே மாட்டே."

"பாதியில விட்டா குடும்பத்துக்கு ஆகாது. ஊர் பார்க்குது, மானத்தை வாங்காதே."

ஊர் நிஜமாகவே பார்த்துக்கொண்டிருந்தது. பத்து மாதமாக வராத தைரியம் அப்போது மட்டும் எங்கிருந்து வரும்? கண்ணை மூடிக்கொண்டு தாண்டினாள்.

கைதட்டல் காதைப் பிளந்தது. "கொமாரே ஆயாச்சு! இனிமே நீ, வா, போ எல்லாம் கிடையாது. 'நீங்க'தான்!" என்றான் அந்தியோகோ, ஆளுக்கொரு கிளாஸை நீட்டியபடி.

பொனாரியா கிளாஸைத் தொடவில்லை. கவீனாவின் கையைப் பிடித்துத் தீக்குக் கொஞ்சம் தள்ளி இழுத்துக்கொண்டு போனாள். அதுவரை அடக்கி வைத்த அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

"கொமாரே... உங்க தோப்பை எரிச்சது பாக்கிஸ் இல்லை. நான்தான். நான் கொட்டின சாம்பல். உங்க கையால வாங்கிச் சாப்பிட்டுக்கிட்டு, வாயை மூடிட்டு இருந்தேன். ஒரு பாவமும் அறியாதவன் உள்ளே கிடக்கான். திங்கட்கிழமை நீதிபதிகிட்ட எல்லாத்தையும் சொல்லிடப் போறேன். நீங்க என் மூஞ்சியில காறித் துப்பினாலும் சரி."

கவீனா துப்பவில்லை. கைக்குட்டை முனையால் அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"துப்பறதுக்கு என்ன இருக்கு? நீங்க சாம்பலைக் கொட்டினப்போ நான் மாடி ஜன்னல்ல நின்னு பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"பார்த்தீங்களா? அப்போ... போலீஸ்கிட்ட ஏன் சொல்லாம இருந்தீங்க?"

"சொன்னேனே, பாக்கிஸ்தான் கொளுத்தினான்னு," என்றாள் கவீனா, குரல் மாறாமல். "திங்கட்கிழமை நீங்க வாயைத் திறந்தா அவன் வெளியே வந்துடுவான். பொய் சாட்சி சொன்ன உங்க கொமாரேதான் உள்ளே போவா."