நிற்காமல் ஓடுபவை

ஒன்றுகூட நிற்கவில்லை.

அவள் நுண்ணோக்கியிலிருந்து நிமிர்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுபடி குனிந்தாள்.

சிறு பம்ப் ஒன்று தள்ளித்தள்ளிவிட, மெல்லிய கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குழந்தையின் இரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளையணுக்கள் சுவரைத் தொட்டன. உருண்டன. உருண்டுகொண்டே போய்விட்டன.

உடம்பில் எங்கே கிருமி புகுந்தாலும் வெள்ளையணு அங்கே போயாக வேண்டும். அதற்கு முதலில் இரத்தக் குழாயின் சுவரைப் பற்றிக்கொண்டு நிற்க வேண்டும். பற்றுவதற்குக் கொக்கி போல ஒரு புரதம் அதன் மேல் இருக்கிறது. அந்தக் கொக்கியைத்தான் அவள் இருபது வருடமாக ஆராய்கிறாள். மருந்தால் அதை முடக்கியிருக்கிறாள். எலிகளில் அதை நீக்கியே பார்த்திருக்கிறாள்.

பிறவியிலேயே கொக்கியில்லாத மனித வெள்ளையணுவைப் பார்த்ததில்லை. படித்ததோடு சரி.

இதோ, ஓடுகிறது.

குழந்தைகள் வார்டிலிருந்து டாக்டர் இருதயராஜ் காலையில் கூப்பிட்டிருந்தார்.

"மேடம், ஒரு பையன். பொறந்து ஒன்றரை மாசம் ஆச்சு, தொப்புள்கொடி இன்னும் விழல. சுத்திப் புண்ணு. ஆனா துளி சீழ் இல்ல. ரத்தத்துல வெள்ளையணு மட்டும் எக்கச்சக்கம். நீங்க ஒரு தடவை பாக்குறீங்களா?"

சீழ் இல்லை என்றதுமே அவளுக்குப் பொறி தட்டியது. சீழ் என்பதே வந்து சேர்ந்து மடிந்த வெள்ளையணுக்கள்தான். இந்தப் பிள்ளைக்குள் அவை கூட்டம் கூட்டமாக ஓடுகின்றன. எங்கும் இறங்குவதில்லை.

யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு வார்டுக்கு நடந்தாள். நடை பாதி ஓட்டமாக இருந்தது.

வார்டு வாசல் பெஞ்சில் பையனின் அம்மா மாரிக்கனி. விளாத்திகுளம் பக்கத்துக்காரி. இவள் வருவதைக் கண்டதும் சட்டென்று எழுந்தாள்.

"சரியாயிருமாம்மா? சிரிச்சிக்கிட்டே வாரியளே."

அப்போதுதான் தான் சிரித்துக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது.

முகத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தாள். மாரிக்கனியையும் உட்காரச் சொன்னாள்.

"என்ன நோய்னு தெரிஞ்சிருச்சு. அந்தச் சந்தோஷத்துல சிரிச்சிட்டேன். தப்புதான். நோய் பெருசு, மாரிக்கனி."

மாரிக்கனி அழவில்லை.

"இம்புட்டு நாளு யாரும் என்னன்னே சொல்லலம்மா. நீங்க சொல்லுங்க."

சொன்னாள்.

வெள்ளையணுக்கள் ஊறும் எலும்பு மஜ்ஜை, வேறொருவரிடமிருந்து வேண்டியிருந்தது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பாதிதான் பொருந்தியது. ஐந்து வயது அக்காவுக்கு முழுக்கப் பொருந்தியது.

"ஊசி போடுவியளா?" என்று அந்தப் பிள்ளை அவளிடம் கேட்டது.

"தூங்க வெச்சிட்டுத்தான்."

"பெறகு எனக்குத் தீந்துராதா?"

"மறுபடி ஊறிரும்."

அது சரி என்பதுபோல அந்தப் பிள்ளை தலையாட்டியது.

சிகிச்சை நடந்தது. பையனுக்கு வாயெல்லாம் புண். காய்ச்சல் இறங்கவேயில்லை. ஒரு கட்டத்தில் இருதயராஜ் பேசுவதையே குறைத்துக்கொண்டார். அவள் தினமும் வார்டுக்குப் போனாள். ஆராய்ச்சிக்கு அது தேவையில்லை.

மழை பிடித்துக்கொண்ட வாரத்தில், ஊசி குத்திய இடத்தில் ஒரு சின்னக் கட்டி வந்தது. அதில் சீழ் இருந்தது. கட்டிக்கு மருந்து எழுதிக்கொண்டே இருதயராஜ் சிரித்தார். "சீழ், மேடம். சீழ்."

மறுநாள் சோதனைக்குப் பையனின் இரத்தம் வந்தது. மாரிக்கனியையும் ஆய்வகத்துக்கு வரச்சொன்னாள். நுண்ணோக்கியைத் திரையோடு இணைத்தாள்.

உருண்டு வந்த ஓர் அணு தடுமாறியது. நின்றது. சுவரோடு அப்பிக்கொண்டது.

"பாத்தீங்களா? இது உங்க பொண்ணு குடுத்தது."

"நிக்காம ஓடுதே, அது?"

"அது உங்க பையனோடதுதான். கொஞ்சம் மிச்சம் இருக்கு. பரவால்ல. நிக்கிறது இவ்வளவு இருந்தாலே புள்ள பொழச்சிக்குவான்."

மாரிக்கனி நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

ஒன்றன்பின் ஒன்றாக அணுக்கள் நின்றன. அவள் எத்தனையோ முறை பார்த்ததுதான். இன்றும் சலிக்கவில்லை. அதைச் சொல்லத் திரும்பினாள்.

மாரிக்கனியின் விரல் திரையின் மேல் இருந்தது. நின்றவற்றின் மேல் அல்ல. ஓடுகிற ஒன்றின் மேல். அது உருள உருள விரலும் கூடவே போனது. திரையின் ஓரத்தில் அது மறைந்தது. விரல் திரும்பி வந்து, அடுத்ததற்காகக் காத்திருந்தது.

அவள் கை நீட்டி, பம்பின் வேகத்தைச் சற்றுக் குறைத்தாள்.