மூக்கின் மேல் ஒரு புகார்

ஓடையின் கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் எப்போதும் தலைமைப் போட்டி. காவலுக்கு மட்டும் இரண்டு கரைக்கும் பொதுவாக ஒரே மோப்ப நாய் இருந்தது.

அந்த நாய் மீது புகார் சொல்ல மேற்குக் கரை முள்ளம்பன்றி காவல் கூடத்துக்கே வந்தது.

"இந்த வருஷம் ஒன்பது திருடனைப் பிடிச்சீங்க. ஒன்பது பேரும் எங்க கரை."

நாய் படுத்த இடத்தை விட்டு அசையவில்லை. "அதில் ஒருத்தராவது தப்பான ஆளா?"

"இல்லை. எல்லாரும் திருடினவங்கதான்."

"அப்புறம் என்ன? என் மூக்குக்குக் கட்சி கிடையாது. திருடன் விட்டுட்டுப் போன பொருளை அதிகாரி குரங்கு கொண்டுவந்து நீட்டுவார். மோந்து பார்த்துட்டு வாசனை போற வழியில் போவேன். இன்னைக்கு வரைக்கும் தப்பினதில்லை."

"நடந்தது முப்பத்தொரு திருட்டு," என்றது முள்ளம்பன்றி. "மிச்சம் இருபத்திரண்டு திருட்டில் திருடன் விட்டுட்டுப் போன பொருள் எங்கே?"

குரங்கின் நாற்காலிக்கு அடியில் ஒரு பெட்டி இருந்தது. நாய் தினமும் அதன் பக்கத்தில்தான் தூங்கும். முள்ளம்பன்றி அதை வெளியே இழுத்துத் திறந்தது. கிழிந்த துணியும் கொத்துக் கொத்தாக ரோமமும் தூசி படிந்து கிடந்தன.

நாயின் மூக்கு நுனி துடித்தது. தலை தானாகக் கிழக்குக் கரைப் பக்கம் திரும்பியது.

உடனே அது முன்னங்காலைத் தூக்கி மூக்கைப் பொத்திக்கொண்டது.

"நீட்டாததை நான் மோந்து பார்க்கிறதில்லை," என்றது, குரலில் கொஞ்சமும் தடுமாற்றமில்லாமல். "எனக்கு நடுநிலைன்னு பேர் வந்ததே அதனாலதான்."