கோணல் இடைவெளி

குனிந்து குனிந்தே வெல்டரின் இடுப்பு விட்டுப்போயிருந்தது. ஆனாலும் அன்று அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. விடிந்ததும் பட்டறைக்கு ஓடிவந்து, புதுத் தானியங்கி வெல்டிங் இயந்திரம் பற்றவைக்கவேண்டிய தகடுகளின் இடைவெளியைக் கோணலாக அராவி வைத்திருந்தார்.

இயந்திரத்தை இயக்குகிறவள் கையுறையை மாட்டிக்கொண்டு வந்தாள்.

"இடுப்பு வலிச்சா இப்பவே தோல்வியை ஒத்துக்குங்க."

"உன் தகர டப்பாகிட்டயா? கோணலைப் பார்த்தா அது திருதிருன்னு முழிக்கும்."

"பந்தயம் ஞாபகமிருக்கா?"

"தோத்தவங்க ஒரு மாசம் சோத்துப் பாத்திரம் கழுவணும். பட்டறையே சாட்சி."

அவர் கையிலும் இயந்திரத்திலுமாக இரண்டு சுடரும் ஒன்றாகக் கிளம்பின. எல்லோரும் கறுப்புக் கண்ணாடியை முகத்தில் பிடித்துக்கொண்டு சூழ்ந்து நின்றார்கள். இயந்திரம் கோணலுக்கு வந்தது. சுடரில் ஓடும் மின்சாரம் மாறியதை உணர்ந்து, தானே வேகத்தைக் குறைத்து, அகன்ற இடத்தை நிரப்பிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல் தொடர்ந்து நகர்ந்தது.

வெல்டர் அதையே வாய் பிளந்து பார்த்தார். அவர் கை நகர மறந்து ஒரே இடத்தில் நிற்க, அவருடைய தகட்டில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்தது.

"அது தன் வேலையைப் பார்த்துச்சு. நீங்க அதோட வேலையைப் பார்த்தீங்க," என்றாள். சிரிப்பில் கூரைத் தகரம் அதிர்ந்தது.

மாலையில் சங்கு ஊதியதும், அவள் அவருடைய ஸ்கூட்டரில் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"காலையில என்னை பஸ்ல வரச் சொல்லிட்டு முன்னால ஓடிவந்தது அராவத்தானே?"

"வீட்ல போய்ப் பேசிக்கலாம்டி."

"பேச என்ன இருக்கு? இடுப்புக்கு நான் தைலம் தேய்க்கிறேன். ஆனா முப்பது நாள் பாத்திரம் பாக்கி."