படிக்காதவை 143

“ஃப்ரீன்னா இப்படித்தானா? மூணு மாசமா அந்த பிளாக்லேர்ந்து ஒரு பதிவுகூட வரல!”

வலைப்பூக்களின் புதுப் பதிவுகளைத் திரட்டித் தரும் இலவச மென்பொருளை உருவாக்கிய பென்னியிடம் போனில் எரிந்து விழுந்தான் சிட்லபாக்கம் உமேஷ்.

அவன் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டையும் அந்த வலைப்பூவையும் பென்னி பார்த்தான். “ரீடர் நல்லாத்தான் இருக்கு சார். அவங்கதான் எழுதல. ஆமா, இதுவரை வந்த நூத்தி நாற்பத்து மூணுல ஒண்ணைக்கூட நீங்க திறக்கலையே?”

உமேஷ் திரையில் இருந்த அந்த எண்ணைப் பார்த்தான்.

“தெரிஞ்சவங்களா சார்?”

“என் ஒய்ஃப். நான் படிக்கணும்னு அவதான் இதை இன்ஸ்டால் பண்ணிக் கொடுத்தா.”

“அட, அப்ப வீட்லயே கேளுங்க சார், ஏன் எழுதலன்னு!” பென்னி சிரித்தான்.

உமேஷ் போனை வைத்தான். அவள் போய் மூன்று மாதமாகியும் அந்த 143 என்றாவது 144 ஆகும் என்றே காத்திருந்தான். மாலையிட்ட ரோஹிணியின் படத்தை நிமிர்ந்து பார்க்கக் கூசியது. குனிந்த தலையோடு முதல் பதிவைத் திறந்தான்.