பூவேலை

பூவேலையும் செய்யும் என்ற விளம்பரத்தை நம்பித்தான் தையற்காரி அந்த இயந்திரத்தை வாங்கியிருந்தாள். இன்று காலை அது தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டது. திரையில் பூக்களைக் காணோம். மணப்பெண் மாலையில் ஆடைக்கு வந்து நிற்பாள். ஆடையில் இன்னும் ஒரு கைக்குப் பூவேலை பாக்கி.

“அந்த வசதியை எடுத்தாச்சு மேடம்,” என்றான் நிறுவனத்து இளைஞன், தொலைபேசியில் தேனொழுக.

“வாங்குறப்ப இருந்துச்சே தம்பி?”

“அது வாங்குறப்ப, மேடம்.”

“தூ! தட்டுல போட்டதைப் பிடுங்கித் திங்கிற பொழப்பு!”

மின்செருகியைப் பிடுங்கிவிட்டு, மிச்சத்தைக் கையாலேயே தைக்க ஆடையை எடுத்தாள். முடித்துவைத்த பூக்களும் இல்லை. பூ வடிவில் ஊசித்துளைகள் மட்டுமே இருந்தன. இயந்திரத்தில், தீர்ந்துபோயிருந்த நூற்கண்டு மறுபடி கொழுத்துத் திரண்டிருந்தது. அது இன்னும் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. அதே இயந்திரத்தில் பூப்போட்டு அவள் உடுத்தியிருந்த சட்டையின் கழுத்து, இதமாக, இறுகத் தொடங்கியது.